வேலிப்பொட்டு என்று நான் சொன்ன கம்பி

வெளிநாட்டில் இருக்கும் என் மகள் போன ஆண்டு லீவில் வந்து நின்றபோது என்னை ஒரு கைத்தொலைபேசிக் குழுவில் சேர்த்துவிட்டாள். எங்கள் பழைய ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், இருந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பல நாடுகளில் சிதறியவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். எப்படிப் பாவிப்பது என்று காட்டித்தந்தபோது அவள் சொன்னாள்:

"பயப்பிடாதையுங்கோ அப்பா. இது எங்கடை அடுப்படி, குசினி மாதிரி. எல்லாம் எங்கடை ஆக்கள்தான். மனதிலை வாறதைக் கதையுங்கோ."

"குசினியிலை எத்தினை பேர் நிக்கினம்?"

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அறுபதுக்கு மேலை வரும்."

"உதிலை எனக்குத் தெரியாத ஆக்களும் இருக்கினமோ?"

"இருக்கலாம். ஒரு கதைக்குச் சொன்னனான் அப்பா. நீங்கள் உடனை வாத்தியார் வேலை பாக்காதையுங்கோ."

அவள் சொன்னதில் குற்றமில்லை. புதிதாக ஒன்று வந்தால், தெரிந்த ஒன்றைக் காட்டித்தான் அதை விளங்கப்படுத்த முடியும். நாற்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன் நான். மின்னோட்டத்தைக் குழாயில் ஓடும் தண்ணீர் என்றும், மின்னழுத்தத்தைத் தாங்கியின் உயரம் என்றும் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு விளங்க வைத்தேன். வகுப்பறையில் ஓர் உவமை பிசகினால் சோதனையில் ஒரு கேள்விதான் பிழைக்கும். வகுப்புக்கு வெளியே நான் சொன்ன ஓர் உவமையால் ஒரு மனைவி தன் புருசனை அவர் சாகும்வரை நம்பாமல் வாழ்ந்தார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு, யுத்தத்தால், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பற்றறி வருவதற்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை உருட்டி வானொலிச் செய்தி கேட்டோம். எங்கள் ஒழுங்கையில் குண்டொன்று விழுந்தபோது தொலைபேசிக் கம்பி அறுந்து வேலியோரமாகக் கிடந்தது. யாருக்கும் தேவைப்படாத கம்பி. என்னிடம் படித்த ஒருவன் உடைந்த தொலைபேசிகள் சிலவற்றை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, "சேர், பள்ளிக்கூட லாப்புக்கு உதவும்" என்று தந்தான். லாப்பின் கூரை அப்போது பறந்திருந்தது. சாக்கு என் வீட்டிலேயே கிடந்தது.

தொலைபேசியின் காதுத்துண்டுக்குள் பேசினால் அது சிறிதளவு மின்னை உண்டாக்கும். அந்த மின் கம்பி வழியே போய் இன்னொரு காதுத்துண்டைப் பேச வைக்கும். பற்றறி தேவையில்லை. ஒரே துண்டை வாயருகே வைத்துப் பேசிவிட்டு, பிறகு காதில் வைத்துக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். முதலில் எங்கள் வீட்டுக்கும் ஒழுங்கை முகப்பிலிருந்த கூட்டுறவுச் சங்கக்கடைக்கும் இடையில் கம்பியை இழுத்தேன். குரல் மெல்லியதாக, ஆனால் தெளிவாக வந்தது. சைக்கிள் டைனமோ ஒன்றைக் கையால் சுழற்றினால் மறுமுனையில் 'கிர்' என்று சத்தம் வந்தது. அது மணியாயிற்று.

அந்த நாட்களில் ஹெலி, இராணுவத்தின் ஹெலிகொப்டர், சுற்றத் தொடங்கினால் ஒழுங்கைக்கு இறங்க முடியாது. குண்டு விழுந்தால் பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அறிய, புகை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கம்பியை மற்ற வீடுகளுக்கும் இழுக்கலாம் என்று நினைத்தேன். இன்னுமொரு காரணமும் இருந்தது. பள்ளிக்கூடம் பாதி நாள் நடப்பதில்லை. என் படிப்பு ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. நான் கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொல்லவேண்டும் போலிருந்தது.

ஒரு காலையில் சங்கக்கடை வாசலில் ஒழுங்கைக்காரர் கூடினார்கள். சங்கக்கடை மனேச்சர் என்னைவிட மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய வீடு எங்களிலிருந்து நாலு வளவு தள்ளி. அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அவர்களோடு ஒரு பென்சன்காரரும் வந்திருந்தார். எதையும் முதலில் சந்தேகப்படுவது அவர் வழக்கம்.

"மாஸ்ரர், உதுக்குள்ளாலை கதைச்சால் குண்டு போடுற பொம்பருக்குக் கேட்குமோ?" என்றார் அவர்.

"கேட்டால் என்ன, அவனுக்குத் தமிழ் விளங்குமே?" என்றார் மனேச்சர். எல்லாரும் சிரித்தார்கள்.

"பகிடி விடாதையும் காணும். கோயில் ஸ்பீக்கர் மாதிரி எல்லா வீட்டிலையும் போய்க் கத்துமோ எண்டு கேக்கிறன்."

"எங்கடை வீட்டுக்கு வேண்டாம்," என்றார் அக்கா. "நான் இவரைப் பேசுறது ஊருக்குக் கேக்கவோ?"

பென்சன்காரர் சொன்னது சரிக்குக் கிட்டவாக இருந்தது. நான் இழுக்கப் போவது ஒரே ஒரு கம்பி. எல்லா வீட்டுக் காதுத்துண்டும் அதில்தான் தொங்கும். யார் தூக்கினாலும் மற்றவர் பேசுவது கேட்கும். 'ஒரே கிணறு, யாரும் வாளி விடலாம்' என்று சொல்லியிருந்தால் அது நேர்மையான உவமை. ஆனால் அப்படிச் சொன்னால் ஒருவரும் சேரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கணம்தான் யோசித்தேன்.

"ஸ்பீக்கருமில்லை, ஒண்டுமில்லை. இது எங்கடை வேலிப்பொட்டு மாதிரி. உங்கடை வளவுக்கும் என்ரை வளவுக்கும் நடுவிலை ஒரு பொட்டு. அவ்வளவுதான்," என்றேன்.

எங்கள் பக்கத்து வேலிகளைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். கிடுகு வேலியிலோ பனையோலை வேலியிலோ, அடுத்தடுத்த இரண்டு வளவுகளுக்கு நடுவே, ஓர் ஆள் குனிந்து புகக்கூடிய அளவுக்கு ஓலையை விலக்கி விட்டிருப்பார்கள். அதுதான் பொட்டு. ஒரு பேணி சீனியும் அடுப்புக்குத் தணலும் உறைக்குத் தயிரும் அதனூடாகத்தான் போய்வரும். அதில் குனிந்து நின்று பெண்கள் பேசுவார்கள். தெருவாசல் படலையில் நின்று பேசுவதை வழியால் போகிறவர் கேட்டால் அதில் குறையில்லை. பொட்டில் பேசுவதை மூன்றாமவர் காதில் வாங்குவது மரியாதைக் கேடு. அந்தப் பக்கம் வரவேண்டி வந்தால் தூரத்திலேயே இருமிக்கொண்டுதான் வருவார்கள். வீட்டு வருத்தம், மருமகளின் குறை, மகளின் மாதக்கணக்கு எல்லாம் அங்கே இறக்கி வைக்கப்படும்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் மாறியது. "பொட்டெண்டால் சரி," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, பொட்டிலை நிண்டு கதைக்கேக்கை முன்னாலை ஆர் நிக்கினம் எண்டு தெரியும். உதிலை எப்பிடித் தெரியும்?"

"உவமை எண்டால் எல்லாம் பொருந்தவேணுமே? சந்திரன் போலை முகம் எண்டால் முகத்திலை பள்ளம் இருக்கே?"

"எனக்குச் சந்திரன் வேண்டாம். நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

நான் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

ஒரு கிழமையில் ஐந்து வீடுகளும் கடையும் கம்பியில் தொங்கின. ஒவ்வோரிடத்துக்கும் இத்தனை சுற்று என்று வைத்தோம். கடைக்கு ஒரு நீளச் சுற்று, எங்கள் வீட்டுக்கு மூன்று சிறு சுற்று. நான் ஒரு விதியும் சொல்லிக் கொடுத்தேன்: சுழற்றுவதற்கு முன் காதுத்துண்டைத் தூக்கிக் கேளுங்கள், யாரும் பேசிக்கொண்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். இடையில் டைனமோவைச் சுழற்றினால் பேசுகிறவரின் காது செவிடுபடும். அதற்காகச் சொன்ன விதி அது. ஒட்டுக் கேட்பதற்கு நானே ஒரு வழி அமைத்துக் கொடுக்கிறேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். யோசித்தேன். பெரிதாக எடுக்கவில்லை.

நான் சொன்ன சொல் வேலை செய்தது. காதுத்துண்டைப் பிடித்தால் பெண்கள் தம்மையறியாமல் குனிந்தார்கள், பொட்டில் நிற்பதுபோல. குரலைத் தாழ்த்தினார்கள். கம்பியில் குரலைத் தாழ்த்துவதால் ஒரு பயனுமில்லை. பொட்டில் என்னென்ன பேசுவார்களோ அவையெல்லாம் கம்பியில் வந்தன. பென்சன்காரர்கூடத் தன் மூலவியாதிக்கு மருந்து கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் கேட்டேன். மாலையில் பொழுது போகாதபோது மெதுவாகத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். மனைவி ஒருநாள் பிடித்துவிட்டாள்.

"வெக்கமில்லையோ உங்களுக்கு?"

"கம்பி சரியாய் இருக்கோ எண்டு சோதிக்கிறன்."

"ஒரு கிழமையாய்ச் சோதனையோ? பொட்டுக்குள்ளை காது வைக்கிற ஆம்பிளையை எங்கடை ஐயா விளக்குமாத்தாலை அடிச்சிருப்பார்."

அப்படி ஒட்டுக் கேட்டதில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இருவர் பேசும்போது மூன்றாமவர் தூக்கினால் குரலின் பலம் குறையும். ஒரு குடத்துத் தண்ணீரை இருவருக்குப் பதில் மூவருக்குப் பங்கிடுவது போலத்தான். வைத்தால் பழையபடி ஏறும். மற்றவர்கள் அதைக் கம்பியின் கோளாறு என்று நினைத்தார்கள். யாரோ கேட்கிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் வேலிப்பொட்டு அன்றோடு முடிந்துவிடும்.

அடுத்த ஆண்டு, மனேச்சரின் மகள் முதற்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு ஒரு தம்பி. மனேச்சர் குடும்பத்துக்கு ஒரே ஆண்பிள்ளை. வீட்டில் அவனை எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்டிருந்தான். வழியில் எங்கோ நிற்கிறான் என்பதுதான் கடைசியாக வந்த செய்தி. முப்பத்தொன்றாம் நாள் பிறப்புத் தீட்டான துடக்கைக் கழித்துக் குழந்தைக்குப் பெயர் வைக்க அக்கா ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். தம்பியிடமிருந்து அதற்குள் ஒரு சொல் வந்தால் நல்லது என்று காண்பவரிடமெல்லாம் சொன்னார்.

அந்த நாளுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கையில், ஒரு மத்தியானம் ஹெலி சுற்றியது. ஒழுங்கையில் ஆள் நடமாட்டமில்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று சுற்று வந்தது. தூக்கினேன். கடையிலிருந்து மனேச்சர்.

"மாஸ்ரர், தனியவோ நிக்கிறியள்?"

"ஓம் அண்ணை. இவ தங்கச்சி வீட்டை போட்டா."

"நேரை வந்து சொல்லத்தான் ரெண்டு மூண்டு தரம் வெளிக்கிட்டனான். முகத்தைப் பாத்துச் சொல்லேலாமல் கிடக்கு. இதிலையெண்டால் சொல்லலாம் போலை கிடக்கு. தம்பியைப் பற்றி ஒரு விசயம்…"

'விசயம்' என்ற சொல்லில் குரல் மெலிந்தது. யாரோ தூக்கிவிட்டார்கள்.

அவர் பேச்சை நிறுத்திக் காதுத்துண்டைக் காதுக்குக் கொண்டுபோயிருப்பார். இப்போது நான் பேசவேண்டிய முறை. "வையுங்கோ அண்ணை, நான் அங்கை வாறன்" என்று சொன்னால் போதும். ஹெலியைப் பார்த்துப் பார்த்து மதிலோரமாக ஓடியிருந்தால் ஐந்து நிமிடம். எனக்கு இருந்த நேரம் ஒரு மூச்சு அளவுதான், ஆனால் அது போதும். தூக்கியது பென்சன்காரராக இருக்கும் என்று நினைத்தேன். 'யாரோ கேட்கினம்' என்று சொன்னால், 'அது உங்களுக்கு எப்பிடித் தெரியும், எவ்வளவு நாளாய்த் தெரியும்' என்று கேட்பாரே என்றும் நினைத்தேன். விசயம் என்னவென்று அறியும் ஆவலும் இருந்தது. இந்த மூன்றில் எது பெரிது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சொல்லுங்கோ அண்ணை," என்றேன்.

"தம்பி இல்லை, மாஸ்ரர். கிளாலிக் கடலாலை வந்த சொந்தக்காரப் பெடியன் சொன்னவன். எல்லையிலை ஒரு ஆறாம். பனிக்காலம். இருட்டுக்கை கனபேர் இறங்கினவையாம். இவன் கரை ஏறேல்லையாம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அதற்குள் குரல் திரும்பவும் பலமாயிற்று. தூக்கியவர் வைத்துவிட்டார். மனேச்சர் மூக்கை உறிஞ்சுவதுகூட இப்போது தெளிவாகக் கேட்டது.

"அவவுக்கு இன்னும் தெரியாது. முப்பத்தொண்டு கழியட்டும் மாஸ்ரர். பிள்ளை பெத்தவள் பால் குடுக்கிற நேரம். இப்ப சொன்னால் வீடு செத்தவீடாய்ப் போடும். கழிஞ்ச அடுத்தநாள் நான் சொல்லுவன். நானே சொல்லோணும். வேறை ஆரும் அவவுக்குச் சொல்லக்கூடாது. எனக்குத் தனிய வைச்சிருக்க ஏலாமல்தான் உங்களுக்குச் சொன்னனான்."

முப்பத்தொன்றுக்கு நானும் மனைவியும் போனோம். ஐயர் வந்து வீடெல்லாம் தீர்த்தம் தெளித்தார். குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். குழந்தையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். 'மாமன்ரை மூக்கு' என்று யாரோ சொன்னபோது, "ஓம், அவன்ரை மூக்குத்தான்" என்றார். மனேச்சர் தூணோடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் தேத்தண்ணியை நீட்டும்போது அக்கா கேட்டார்:

"என்ன மாஸ்ரர், உங்கடை பொட்டு வடிவாய் வேலை செய்யுதோ?"

பகிடி என்று எடுத்து, "ஓம் அக்கா, நல்லாய்ச் செய்யுது" என்றேன்.

அடுத்த நாள் காலையில் அந்த வீட்டிலிருந்து அழுகுரல் எழும் என்று காத்திருந்தேன். மகளின் குரல் மட்டும்தான் எழுந்தது. ஓடிப்போனேன். மகள் நிலத்தில் கிடந்து அழுதாள். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு இருந்தார். மனேச்சர் என்னைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தார்.

"அவவுக்கு முதலே தெரியும் மாஸ்ரர். நான் சொல்ல வாயைத் திறந்தவுடனை, 'மாஸ்ரருக்குச் சொன்னதைத்தானே சொல்லப் போறியள், நான் அண்டைக்கே கேட்டிட்டன்' எண்டா. பிள்ளை பெத்தவளின்ரை பத்தியச் சரக்குத் தண்ணிக்கு மல்லி கொண்டரச் சொல்லக் கடைக்கு எடுக்கப் போனவவாம். தூக்கினவுடனை என்ரை குரல்."

என் விதிப்படி நடந்திருக்கிறார். சுழற்ற முதல் தூக்கிக் கேட்டிருக்கிறார். இருமாமல் வந்து பொட்டில் நின்றவர் வேறு யாருமில்லை, தம்பியைப் பெற்றவர். அதைக் கேட்டுவிட்டு, மகளுக்காக, முப்பத்தொன்றுவரை ஒருவருக்கும் காட்டாமல் சரக்கு அரைத்திருக்கிறார், பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கிறார், தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்.

"என்ரை வாய்தான் மாஸ்ரர்," என்றார் அவர். "நீங்கள் பொட்டெண்டுதான் சொன்னனீங்கள். நான்தான் வடிவாய் யோசிக்கேல்லை."

நான் அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச்சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"மாஸ்ரர், அண்டைக்கு நான் தூக்கினது உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

"இல்லை அக்கா. எப்பிடித் தெரியும்?"

"அவருக்கு?"

"அவருக்கும் தெரியாது. அக்கா, அண்ணை உங்களுக்குத் தன்ரை வாயாலை சொல்லத்தான் இருந்தவர். முப்பத்தொண்டுக்குப் பிறகு சொல்லுவன் எண்டு எனக்குச் சொன்னவர்."

"அவர் அப்பிடிச் சொல்லிக் குடுத்தவரோ உங்களுக்கு? நான் என்ரை காதாலை கேட்டனான் மாஸ்ரர். தம்பி இல்லை எண்டவர், ஆறு எண்டவர், கரை ஏறேல்லை எண்டவர். எனக்குச் சொல்லுவன் எண்டு ஒரு சொல் சொல்லேல்லை. நான் பெத்த பிள்ளை. எனக்குச் சொல்ல முதல் ஒழுங்கைக்குச் சொன்னவர்."

இதற்கு மறுமொழி எனக்குத் தெரியும். 'நீங்கள் வைத்த பிறகுதான் அதைச் சொன்னார். நீங்கள் எப்போது தூக்கினீர்கள், எப்போது வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். குரல் குறைந்ததையும் ஏறியதையும் வைத்துச் சொல்கிறேன்.' இதைச் சொன்னால் அவர் நம்பியிருப்பார். ஆனால் இதைச் சொல்ல, சற்று முன் சொன்ன 'இல்லை'யை விழுங்கவேண்டும். யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தும் 'சொல்லுங்கோ அண்ணை' என்று அவரைத் தள்ளிவிட்டவன் நான் என்பதைச் சொல்லவேண்டும். 'உள்ளை வாங்கோ அக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ' என்றேன். அக்கா திரும்பிப் போனார்.

அன்று பின்னேரமே கம்பியைக் கழற்றத் தொடங்கினேன். "ஏன் காணும் கழட்டுறீர், நல்லாய்த்தானே வேலை செய்தது?" என்றார் பென்சன்காரர். பழுதாகிவிட்டது என்றேன்.

அதன் பின் மனேச்சர் வீட்டில் சண்டை நடந்து ஒருவரும் கேட்டதில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். அவருக்கு வேளைக்குச் சாப்பாடு இருக்கும். பேச்சு இருக்காது. கடை பூட்டிய பிறகும் அவர் வீட்டுக்குப் போகாமல் வாசலில் இருப்பதை நான் பல நாள் கண்டேன். பக்கத்தில் போய் இருந்து, அரிசி வரவில்லை, மண்ணெண்ணெய் வரவில்லை என்று பேசினேன். ஒரு தடவை அவரே சொன்னார்: "எத்தினை தரம் சொல்லியும் நம்புறா இல்லை. பிறகு கட்டின கதையாம்."

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கியதால் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரேயடியாக வெளிக்கிட்டபோது, மழையில், தென்மராட்சிப் பக்கம் போகும் சனத்துக்குள் அவர்களைக் கண்டேன். மனேச்சர் மூட்டைகள் கட்டிய சைக்கிளை உருட்டினார். அக்கா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வராமல், பத்தடி பின்னால் நடந்தார். அந்த நெரிசலில் எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நான் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்து நெடுந்தூரம் தள்ளிக் கொடுத்தேன். முன்னால் அவர், பின்னால் அவர் மனைவி, நடுவில் நான். இரண்டு பேருக்கும் கேட்கும்படி ஒரு வசனம் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. நான் பாரம் சரிகிறது, கயிற்றை இறுக்குங்கோ என்றேன். பிறகு சனம் எங்களைப் பிரித்துவிட்டது.

அவர்கள் வன்னிக்குப் போய், பிறகு மகளோடு வெளிநாடு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். சில ஆண்டுகள் முன்பு மனேச்சர் அங்கே காலமானார்.

மகள் குசினி என்று சொன்ன அந்தக் குழுவில் அக்காவும் இருந்தார். தினமும் காலையில் ஒரு பூவின் படம் போட்டு வணக்கம் சொல்வார். அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு பல காலைகளைக் கழித்தேன். சொல்லவேண்டியதை அறுபது பேர் நடுவில் சொல்ல முடியாது. மகளிடம் அவருடைய இலக்கத்தை வாங்கி அழைத்தேன்.

"ஆர், மாஸ்ரரோ? கொஞ்சம் பிலத்துக் கதையுங்கோ. எனக்குக் காது மந்தம். ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். பேத்தி பக்கத்திலை நிக்கிறாள். அவள்தான், உங்கடை ஒழுங்கையிலை பிறந்தவள். வேறை ஒருத்தருமில்லை."

யார் கேட்கிறார்கள் என்பதைத் தொடங்குமுன் அவரே சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் குறைந்தது, நான் 'சொல்லுங்கோ' என்றது, குரல் ஏறியது, அதன் பிறகு அண்ணை சொன்ன வசனங்கள், வாசலில் நான் சொன்ன பொய். மந்தமான காதுக்காக உரத்துச் சொல்லவேண்டியிருந்தது. சில இடங்களை இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

பிறகு கேட்டார்:

"நான் வைச்ச பிறகோ சொன்னவர்?"

"ஓம் அக்கா. நானே சொல்லோணும், வேறை ஆரும் சொல்லக்கூடாது எண்டவர்."

"இதைத்தான் மாஸ்ரர் அவர் எத்தினையோ தரம் சொன்னவர். ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கையும் சொன்னவர். நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அதோடு தொடர்பு நின்றது. அவர் வைத்தாரா, பேத்தி வைத்தாளா தெரியாது.

அடுத்த நாள் காலையில் பூ வரவில்லை. அக்கா குழுவிலிருந்து விலகிவிட்டார் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. 'அன்ரி ஏன் போட்டா?', 'ஆரும் ஏதும் சொன்னதோ?' என்று கேள்விகள் வந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்குப் பழகிய வேலை. ஒரு விரலால் முழுக்கதையையும் எழுதினேன். எழுதி முடித்ததும், அது அவருடைய கதை, அறுபது பேருக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது. அழித்தேன். 'அவ போனதுக்குக் காரணம் நான். அவவை ஒருவரும் கேட்கவேண்டாம்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். மகள் உடனே அழைத்தாள். நான் எடுக்கவில்லை.

சில வாரங்களின் பின் பேத்தியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அவளுக்குத் தமிழ் எழுத வராது. அம்மம்மா சுகமாக இருக்கிறார் என்று பேசி அனுப்பியிருந்தாள். நான் என் பக்கத்து நியாயம் ஒன்றும் சொல்லாமல், நடந்ததை எழுதிவைக்கலாமா என்று மட்டும் கேட்டேன். அம்மம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் சொன்னாள்:

"எழுதட்டாம். பேர் போட வேண்டாமாம். அம்மம்மா உங்களிட்டை ஒண்டு கேட்கச் சொன்னவ. 'நானே சொல்லோணும்' எண்டு சொல்லேக்கை அப்பப்பா… இல்லை, அம்மப்பா அழுதவரோ?"

அக்கா அப்போது காதுத்துண்டை வைத்துவிட்டார். கம்பியில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அதனால் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஓம் பிள்ளை, அழுதவர் என்று சொல்லி அனுப்பினேன்.